சுண்ணாம்புக் கோட்டில் நின்ற தேர்

முன்னொரு காலத்தில் என்றுதான் இந்தக் கதையையும் தொடங்க வேண்டும். நேற்று என்று தொடங்கினால் சிலருக்குக் கோபம் வரும்.

அந்தக் காலத்து ராஜா ஒருவர் கெட்டவர் இல்லை, காத்திருக்கத்தான் தெரியாதவர். வேட்டைக்குப் போய்த் திரும்பிய ஒருநாள், கோட்டைக்கு வரும் பெருவழியில் அவருடைய பல்லக்குக்கு முன்னால் பானை வண்டிகளும் வைக்கோல் வண்டிகளும் ஊர்ந்துகொண்டிருந்தன. ராஜாவுக்கு நல்ல பசி. அரண்மனைக்கு வந்து சேர்வதற்குள் கறியெல்லாம் ஆறிப்போய்விட்டது.

"இனி நமக்கு முன்னால் ஒரு வண்டியும் ஊரக் கூடாது. இதற்கு ஒரு வழி செய்யும்" என்று அமைச்சர் விசயரங்கரிடம் சீறினார்.

அமைச்சர் மறுநாளே தம் மைத்துனர் மாணிக்கவேலரைச் சபைக்குக் கூட்டிவந்தார். பெருவழியின் வலது பாதியை வேலி போட்டுப் பிரித்து மாணிக்கவேலர் குத்தகைக்கு எடுத்துக்கொள்வார். கல் பாவி வழவழவென்று வைத்துக்கொள்வார். சுங்கம் கொடுப்பவர்கள் அதில் பறக்கலாம். கொடுக்க முடியாதவர்கள் இடது பாதியில் வரட்டும். அது எந்தக் கதியில் கிடந்தாலும் அவரைக் கேட்கக் கூடாது.

அந்தப் பெருவழியைப் போட்டது யார்? மாணிக்கவேலரின் பாட்டனா? வழியோரத்து ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து, கூலி வாங்காமல், தலையில் மண் சுமந்து போட்ட வழி அது. அவர்கள் போட்ட வழியில் அவர்களே நடப்பதற்குச் சுங்கம். கேட்டால் வசதி என்றார்கள். யாருக்கு வசதி என்று சபையில் ஒரு வாய் கேட்கவில்லை.

விகடகவி எட்டியப்பன் மட்டும் எழுந்தான். "மகாராஜா, வலது பாதியை மேடாக்க மண் எங்கிருந்து எடுப்பார்கள்? இடது பாதியைத் தோண்டித்தான்" என்றான்.

ராஜா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அமைச்சருக்கு உள்ளூர உதறல். இன்று கேட்காத ராஜா நாளை இவன் சொல்லும் வேடிக்கைக்குச் சிரித்துவிட்டு மனம் மாறிவிட்டால்? எனவே ராஜாவைக் கோட்டை வாசல் அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார். "மாணிக்கவேலர் குத்தகை உள்ளவரை, சுங்கம் கொடுக்காத ஒரு காலும் வலது பாதியில் படாது. யாராக இருந்தாலும் சரி, என்ன காரணமாக இருந்தாலும் சரி."

மழைக்காலம் வந்தது. எட்டியப்பன் சொன்னபடியே இடது பாதி குட்டையாகிவிட்டது. ஒருநாள் குயவர் தெருச் செம்பாயி, பாம்பு கடித்த புருஷனை வண்டியில் போட்டுக்கொண்டு கோட்டைக்குள் இருக்கும் வைத்தியரிடம் விரைந்தாள். வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் வலது பாதி ஆளரவமே இல்லாமல் கிடந்தது.

"ஐயா, வண்டிய அந்தப் பக்கம் ஏத்திக்கிறேன். ஆளு பேச்சு மூச்சில்லாம கெடக்கு. சுங்கத்த நாளைக்குக் கொண்டாந்து குடுத்துர்றேன்" என்று காவல்காரனிடம் கெஞ்சினாள்.

"நாளைக்குக் குடுக்கறவங்க நாளைக்குத்தாம்மா போவணும். என் வேலைய கெடுக்காத" என்றான் அவன்.

கோட்டை வாசல் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அவள் புருஷன் செத்துப்போனான். பக்கத்தில் காலியாகக் கிடந்தது நல்ல வழி. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

வழியோரத்து ஊர்கள் திரண்டு அரண்மனைக்குப் போயின. அமைச்சர் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, நாடு முன்னேறுவது உங்களுக்குப் பொறுக்கவில்லையா என்று திட்டி விரட்டினார். திரும்பி வந்தவர்கள் கூடிப் பேசி, இந்த வருஷம் அம்மன் தேர் வடத்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

அது சின்ன விஷயம் இல்லை. அந்தத் தேரை இழுப்பது அந்த ஊர்க்காரர்கள்தான். ராஜா வடத்தைத் தொட்டுக் கொடுத்ததும் தேர் கிளம்பும். கோட்டையைச் சுற்றிவந்து, கடைசியில் பெருவழியில் ஏறி, வாசலருகே இருக்கும் நிலையில் போய் நிற்கும். நிலை சேரும்வரை ராஜா ஒரு பருக்கை சாப்பிடக் கூடாது. வழியில் தேர் நின்றுவிட்டால், அம்மனை முந்திக்கொண்டு யாரும் போகவும் கூடாது. பல தலைமுறை வழக்கம்.

செய்தி தெரிந்ததும் அமைச்சர் ராஜாவின் காதைக் கடித்தார். "ஜனங்களைத் தூண்டிவிடுவது எட்டியப்பன்தான், பிரபு. அவன் தலையிலேயே இதைக் கட்டுங்கள்."

ராஜா எட்டியப்பனை அழைத்தார். "ஊர்க்காரர் அத்தனை பேர் கையும் வடத்தில் இருக்க வேண்டும். நம் சட்டத்தையும் ஒருவர் மீறக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

"இரண்டுக்கும் அடியேன் பொறுப்பு, மகாராஜா" என்றான் எட்டியப்பன்.

நேரே செம்பாயியிடம் போனான்.

"வடத்தத் தொட மாட்டோம். நீங்க சொன்னாலும் சரி" என்றாள் அவள்.

"தொடுங்க தாயி. ஆனா ராசா போட்ட சட்டத்த ஒருத்தரும் மீறக் கூடாது. வலது பக்கம் ஒரு காலு படக் கூடாது."

செம்பாயிக்கு அவன் கணக்குப் பிடிபட்டது. "சரி. சட்டப்படியே இழுக்கறோம்" என்றாள்.

தேருக்குப் பெருவழியின் முழு அகலமும் வேண்டுமே. அமைச்சர் தேர் போகும் தொலைவுக்கு மட்டும் வேலியைப் பிடுங்கச் சொன்னார். வேலி போனாலும் சட்டம் போகவில்லை என்று காட்ட, அது இருந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வைத்தார். தம் மூளையை அவரே மெச்சிக்கொண்டார்.

திருவிழா அன்று கோட்டையைச் சுற்றும்வரை தேர் அழகாக வந்தது. பெருவழியில் ஏறும் இடம் வந்ததும், வலது வடத்தைப் பிடித்திருந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கீழே வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு இடது பக்கமாக வந்து, இடது வடத்தைப் பிடித்தார்கள். வலது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்களும் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்கள். எல்லாருமாக ஒரு பக்கம் இழுக்கவே தேர் இடதுபுறம் திரும்பி, சக்கரம் சேற்றில் புதைய நின்றது.

"ஏன் நின்றது?" என்றார் ராஜா. காலையிலிருந்து பட்டினி.

"ஊர்க்காரர் அத்தனை பேர் கையும் வடத்தில் இருக்கிறது, மகாராஜா. சட்டத்தையும் யாரும் மீறவில்லை. அந்தப் பக்கம் கால் வைக்க இவர்களிடம் சுங்கம் இல்லை" என்றான் எட்டியப்பன்.

ராஜா மாணிக்கவேலரைப் பார்த்தார். "இன்று ஒரு நாள் விட்டுக்கொடும்."

"அம்மன் முன் செய்த சத்தியம், பிரபு. இன்று விட்டால் நாளையும் கேட்பார்கள்" என்றார் மாணிக்கவேலர், பணிவாகத்தான்.

"அப்படியானால் சுங்கம் கொடுத்தவர்கள் வலது வடத்தை இழுக்கட்டும், மகாராஜா. சட்டம் இடம் கொடுக்கிறது" என்றான் எட்டியப்பன்.

அமைச்சரும் மைத்துனரும் பட்டு வேட்டிக்காரர்கள் சிலரும் வடத்தைப் பிடித்தார்கள். ஒரே இழுப்பில் அமைச்சர் மல்லாந்தார். அடுத்த இழுப்பில் எல்லாரும் அவர்மேல் விழுந்தார்கள். தேர் அசையவே இல்லை. ஜனங்கள் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. வடத்தை மடியில் போட்டுக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வெயில் சாய்ந்தது. தேருக்குப் பின்னால் மாணிக்கவேலருக்குச் சுங்கம் கொடுத்த வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அம்மனை முந்த ஒருவருக்கும் துணிவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று அங்கிருந்து கூச்சல் கிளம்பியது.

"இது என்றைக்கு நகரும்?" என்று மாணிக்கவேலர் முனகினார்.

"உங்கள் குத்தகை முடிகிற அன்றைக்கு" என்றான் எட்டியப்பன்.

ராஜா இப்போது மாணிக்கவேலரைப் பார்த்த பார்வையில் பசி இருந்தது, கோபமும் இருந்தது. மாணிக்கவேலர் தேருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, குத்தகையை விட்டேன் என்று தம் வாயாலேயே சொன்னார். சத்தியமும் அதோடு தீர்ந்தது.

ஊர்க்காரர்கள் எழுந்தார்கள். அத்தனை கால்களும் இரண்டு பக்கமும் பரவியதில் சுண்ணாம்புக் கோடு இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு வடமும் ஒன்றாக இழுபட, தேர் சேற்றிலிருந்து ஏறி நிலைக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி வேலியை அவர்கள் யாரையும் கேட்காமல் பிடுங்கிப் போட்டார்கள்.

இந்த மாதிரிக் கதைகளில் ராஜா சிரிக்க வேண்டும். இவரும் சிரித்தார். அமைச்சர் மல்லாந்ததை நினைத்து நினைத்துச் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி எட்டியப்பனுக்குப் போட்டார்.

எட்டியப்பன் சிரிக்கவில்லை. செம்பாயியைக் காட்டி, "கேட்பதானால் இவரைக் கேளுங்கள், மகாராஜா" என்றான்.

"உனக்கு என்ன வேண்டும் அம்மா?" என்றார் ராஜா.

"எனக்கு ஒண்ணும் வேணாஞ் சாமி. எம் புருசனுக்குத்தான் வழி விடல. ஆத்தாளுக்காவது விட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, அவள் தன் ஊர்ப் பக்கம் நடந்தாள். வலது பாதியில்தான் நடந்தாள்.

ராஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தேர் நிலை சேர்ந்தாயிற்று, விரதமும் முடிந்தாயிற்று. ஆனாலும் அன்று அரண்மனையில் போட்ட இலை போட்டபடியே கிடந்தது.