ஒண்டியப்பனுக்காக நின்ற கை

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் வாய் இருந்தது. வாய் மட்டுமா, முன்கோபமும் இருந்தது. ஈர மண்ணில் ஒரு நீர்த்துளிக்குள் குச்சியன் என்ற கிருமி வாழ்ந்தான். அவன் வயிற்றுக்குள் சரத்தாயி மணி கோத்துக்கொண்டிருந்தாள். அவள் கோக்கிற சரம் சும்மா தொங்காது. தானாக மடங்கிச் சுருண்டு கதவாகும், கத்தியாகும், குச்சியனுக்கு என்ன தேவையோ அதுவாகும்.

எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பதைச் சொல்ல ஒரு கயிறு. அதில் குச்சியன் மும்மூன்று முடிச்சாகப் போட்டிருப்பான். கல்யாணத்துக்கு மட்டும்தான் மூன்று முடிச்சு என்று நினைத்தீர்களா? இங்கே ஒவ்வொரு மூன்று முடிச்சும் ஒரு சுமைகாரனை அழைக்கும். அவன் மணியோடு வருவான்.

வேடிக்கை என்னவென்றால், ஒரே மணியை இரண்டு வகையார் சுமந்தார்கள். வெள்ளைத் தலைப்பாகைக்காரர்கள் கூட்டமாக வாசலிலேயே நிற்பார்கள். அவர்களுடைய முடிச்சு வந்தால் கூப்பிடுமுன் மணி கைக்கு வந்துவிடும். சிவப்புத் தலைப்பாகை ஒண்டியப்பன் ஒருவனுக்குத்தான். அவன் முடிச்சு வந்தால் சரத்தாயி கையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து, வந்ததும் வாயாரத் திட்டுவாள்.

ஒருநாள் பக்கத்துப் பூஞ்சணம் நீர்த்துளியில் விஷத்தைக் கக்கியது. அதை வெளியே தள்ள ஒரு சரம் உடனே இறைப்பானாக மடங்க வேண்டும்.

குச்சியன் பதறினான். "ஐயோ, இறைப்பான் கயித்துல நடுவுல ஒண்டியப்பன் முடிச்சா இருக்கே! அவனை நம்பினா நான் அவ்வளவுதான்." அத்தனையையும் அவிழ்த்து வெள்ளைத் தலைப்பாகை முடிச்சாக மாற்றினான். "மணி அதேதானே? யார் கொண்டுவந்தா என்ன!"

சரத்தாயியின் கை பறந்தது. கண்மூடித் திறப்பதற்குள் சரம் முடிந்தது. முடிந்த கையோடு பந்தாகச் சிக்கிக்கொண்டது. மறுபடி கோத்தாள். மறுபடியும் பந்து. ஒரு மணிகூட மாறவில்லை, ஆனால் இறைப்பான் வரவில்லை. குச்சியனின் தோல் எரியத் தொடங்கியது.

அவன் செத்தால் சரத்தாயியும் இல்லை. சிக்கலை விரலால் தடவிப் பார்த்தாள். முன்பாதியும் பின்பாதியும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடந்தன. முன்பெல்லாம் ஒண்டியப்பன் வருவதற்குள், கோத்து முடிந்த முன்பாதி தன்பாட்டுக்கு மடங்கி உட்கார்ந்துவிடுமே! இப்போது அதற்கு ஏது நேரம்?

"குச்சியா, பழைய முடிச்சைப் போடு."

"உனக்குப் பைத்தியமா ஆயி? விஷம் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு!" கிருமிக்கு ஏது கழுத்து என்று கேட்காதீர்கள். பயத்தில் எல்லோருக்கும் கழுத்து முளைக்கும்.

"வரட்டும். போடலைன்னா இனி ஒத்த மணி கோக்க மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே முடிச்சைப் போட்டான். சரத்தாயி கோத்துக்கொண்டே வந்து, நடுவில் கையை நிறுத்தினாள்.

"இந்தா, எங்ககிட்டயும் அதே மணிதான்! வாங்கிக்க, சாகப்போறோம்!" என்று வெள்ளைத் தலைப்பாகைகள் கத்தின. விஷம் அவள் விரல்களைச் சுட்டது. வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் மனசு தடுமாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறுக மூடினாள். அவளுக்குப் பின்னால் முன்பாதி மெல்ல மடங்கத் தொடங்கியது.

ஒண்டியப்பன் மூச்சிரைக்க வந்தான். "திட்டாதே ஆயி, நான் ஒத்த ஆளு..."

"திட்டலைப்பா. அடுத்த மணிக்கும் இப்படியே மெதுவா வா."

அவன் முடிச்சுகள் தீர்ந்ததும் மிச்சத்தை வெள்ளைத் தலைப்பாகைக்காரர்கள் ஓடிவந்து கொடுத்தார்கள். பின்பாதி முன்பாதியின் மேல் பதமாகப் படிந்தது. இறைப்பான் எழுந்து விஷத்தை வாரி வெளியே கொட்டியது.

குச்சியன் அசடு வழிந்தான். "இனி எல்லாக் கயித்துலயும் ஒண்டியப்பன் முடிச்சே போட்டுடவா?"

"அட மடையா! அப்புறம் எந்தச் சரமும் நேரத்துக்கு வராம பசியிலயே செத்துப்போவே. ஓட வேண்டிய இடத்துல ஓடணும், நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும்."

அன்று அவள் கையை மூடிக்கொண்டு நின்றாளே, அதிலிருந்துதான் கிருமிகள் ஒரே மணிக்கு உள்ள வேகமான முடிச்சையும் மெதுவான முடிச்சையும் மாற்றாமல் அதனதன் இடத்திலேயே வைத்திருக்கின்றன. மடங்க நேரம் வேண்டிய இடத்தில், உயிரே போகிற அவசரத்திலும், ஒரு கை இன்றும் ஒண்டியப்பனுக்காக நின்று காத்திருக்கிறது.