செவ்வந்தியின் தொட்டில்கள்

மலையடி மடத்தில் சீடராகச் சேர்ந்தபோது சிவக்கொழுந்துக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு நாற்பத்து நான்கு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் என்பதால் குருவே அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

மடத்து முற்றத்தில் ஒரு வில்வமரம். பிள்ளை வேண்டி வருகிற பெண்கள் விரல் நீள மரத்தொட்டிலை அதில் கட்டுவார்கள். கட்டுமுன் அவர்கள் பெயரைத் தொட்டிலில் எழுதித் தருவது சிவக்கொழுந்தின் வேலை. முத்து முத்தான கையெழுத்து. பிள்ளை பிறந்தால் வந்து அவிழ்ப்பது வழக்கம். மற்றவை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும், வெறுமையாக.

அப்படிக் கட்டுகிறவர்களில் ஒருத்தி செவ்வந்தி. ஒருநாள் பிற்பகல் அவள் கணவர் தனியாக வந்தார். ஒன்பது அமாவாசைகளாக மனைவியோடும் தாயோடும் வருகிறவர். அவர்கள் அமாவாசைக்கு ஒரு தொட்டிலாகக் கட்டி முடிக்கும்வரை பையையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

“ஏணி இருக்குங்களா ஐயா? தொட்டிலையெல்லாம் அவிழ்க்கணும்.”

சிவக்கொழுந்து பூரித்துப்போனார். “விசேஷமா தம்பி?”

“இல்லீங்க.”

அப்படியானால் அவிழ்க்கவே கூடாது என்று அவரை உட்காரவைத்தார் சிவக்கொழுந்து. தெரிந்த ஆறுதலையெல்லாம் சொன்னார். தன் மைத்துனருக்குப் பன்னிரண்டாம் வருடம் இரட்டையாகப் பிறந்த கதையைச் சொன்னார். பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார். ஆம்பிளை நீங்களே கலங்கினால் செவ்வந்தி என்ன ஆவாள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’ என்றார் வந்தவர். கடைசியில் மறுபடியும் ஏணியைக் கேட்டார்.

அதற்குள் குருவே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மரத்தில் சாய்த்து, அடியைப் பிடித்துக்கொண்டார்.

சிவக்கொழுந்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டுவதற்கென்றே இருக்கிற மரம். அவிழ்ப்பதற்குக் குருவே துணை நிற்கிறார். தடுப்பதா, சும்மா இருப்பதா என்று தெரியாமல் தூணோரம் நின்றார்.

மேலே ஏறியவர் முள்ளை விலக்கி ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தார். குரு துண்டில் வாங்கிக்கொண்டார். நாலாவது தொட்டிலில் கை வைத்தபோது, கிளையைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

“குறை எங்கிட்டங்க சாமி. ரிப்போர்ட் வந்து மூணு மாசமாச்சு. எங்கம்மா அவளைத்தான் ஏசுது. அவ வாயைத் திறக்கமாட்டேங்கிறா. நானும் திறக்கல.”

குரு அண்ணாந்து பார்த்தார். “அந்த முடிச்சு இறுகியிருக்கு. மெதுவா அவிழுங்க.”

 பிறகு ஏணி ஆடியது. அழுகிறார் என்று சிவக்கொழுந்துக்கு அப்புறம்தான் புரிந்தது. குரு துண்டை முடிந்து தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஏழு தொட்டில் அவிழ்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. அவர் இறங்கிக் குழாயடியில் முகம் கழுவினார். மிச்சம் இரண்டுக்கு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவக்கொழுந்துக்கு மனசு ஆறவில்லை. நல்ல வார்த்தை இத்தனை சொல்லியும் கல்லாக இருந்த மனுஷர், ஆறுதலாக ஒன்றுமே சொல்லாத குருவிடம் எப்படி உடைந்தார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் கேட்டேவிட்டார்.

“நான் அவர்கிட்ட என்ன சொல்லியிருக்கணும் சாமி?”

குரு துண்டை விரித்தார். ஏழு தொட்டில். ஏழிலும் முத்து முத்தாகச் செவ்வந்தி, செவ்வந்தி, செவ்வந்தி.

“எழுத்து நல்லா இருக்கு சார். அவர் பேர் என்ன?”

“தம்பின்னுதான்...” என்று தொடங்கிய சிவக்கொழுந்து நிறுத்திக்கொண்டார்.

மரத்தில் மிச்சமிருந்த இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

“எனக்கும் தெரியாது” என்றார் குரு. “நாளைக்கு ஏணியை நீங்க பிடிங்க.”