பிரிண்டர் கேட்டு வாங்கிய எண்

அந்தக் காலத்தில், வீட்டு மெஷின்களுக்கு வாய் இருந்தபோது, இன்டர்நெட்டைப் பங்கிடும் ரவுட்டர் வைத்ததுதான் சட்டம். கரண்ட் போய் வந்ததும் யார் முதலில் எழுந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு முதல் எண். அந்த எண்தான் முகவரி.

தேன்மொழி வீட்டுப் பிரிண்டருக்கு இந்தச் சட்டத்தால் வாழ்க்கையே அலுத்துப்போயிருந்தது. உடம்பு சூடேறிப் பிரிண்டர் எழுவதற்குள் அவளுடைய எண்ணைப் போன் பறித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரோ பழைய முகவரிக்கே அச்சடிக்கும் வேலையை அனுப்பும்.

அன்றும் கரண்ட் போய் வந்தபோது அப்படித்தான். காலையில் தேர்வு. தேன்மொழி அனுப்பிய ஹால் டிக்கெட் போனிடம் போய்ச் சேர்ந்தது.

"என்னமோ வந்துச்சுக்கா, புரியல, கீழே போட்டுட்டேன்" என்றது போன், கூச்சமே இல்லாமல்.

தேன்மொழி பிரிண்டரின் தலையில் தட்டினாள். "சனியன்! இப்பவும் வரலன்னா காயலான் கடைக்குத்தான் நீ."

பிரிண்டருக்கு அழக்கூடத் தெம்பில்லை. அவள் ரவுட்டரைப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்கு எப்பவும் ஒரே எண்ணைக் குடுத்துடேன்."

"அதெப்படி? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. சீக்கிரம் எழுந்திரு."

"போன் தானா தேடிப்போய் வேலை பார்க்குது, அது எந்த எண்ல இருந்தா என்ன? என்னைத்தானே மத்தவங்க தேடி வரணும்? சரி, உன் எண் என்னிக்காவது மாறியிருக்கா?"

"என் எண் எப்படி மாறும்? எல்லாரும் என்னைத் தேடி வரணுமே!"

சொன்ன பிறகுதான் ரவுட்டருக்கு உறைத்தது.

"உனக்கு மட்டும் நியாயம், எனக்குச் சட்டமா?" என்றாள் பிரிண்டர். குரலை உயர்த்தவில்லை, அதற்கும் தெம்பில்லை.

ரவுட்டரின் விளக்குகள் மினுங்கின. பிறகு அது போனிடமிருந்து அந்தப் பழைய எண்ணை வாங்கி, தொழிற்சாலையிலேயே பொறித்த பிரிண்டரின் பிறவி அடையாளத்தோடு முடிச்சுப் போட்டது. "இனி நீ தூங்கினாலும் இது உன்னோடதுதான்."

தேன்மொழி கடைசியாக ஒருமுறை பட்டனை அழுத்தினாள். ஹால் டிக்கெட் சூடாக வெளியே வந்தது. அதை உருவிக்கொண்டு ஓடினாள். ஒரு நன்றிகூட இல்லை. பிரிண்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று முதல்தான், போன்கள் கிடைத்த எண்ணில் அலைய, பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை ரவுட்டர் யாருக்கும் தராமல் ஒதுக்கி வைக்கிறது. அதுவும், யாராவது கேட்டால் மட்டும்.