மீதி இரண்டு முடிச்சு

தீப்பெட்டி ஒட்டும் பொன்னுக்கிளியை, ஊரையே அதட்டும் அவள் புருஷன் சங்கரபாண்டி வக்கீலிடம் இழுத்து வந்தான். விவாகரத்து மனுவில் அவள் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம்.

"உடனே போடு!" என்றான்.

"போடுதேன். வக்கீலய்யா, ஒரு சந்தேகம். தாலியில இவுக போட்டது முதல் முடிச்சு மட்டும்தான். மீதி ரெண்டும் இவுக அக்கா போட்டது. மூணு முடிச்சையும் அவுக்க இவுக கையெழுத்து மட்டும் போதுமா?"

முப்பது வருஷ வக்கீல் தொழிலில் யாரும் கேட்காத கேள்வி. வக்கீலுக்கே ஆவல் பொறுக்கவில்லை.

"அக்காவுக்கு விஷயம் தெரியும்ல, பாண்டி? நம்பர் சொல்லுங்க, கேட்டுருவோம்."

"எங்க அக்காகிட்டயா? வேண்டாம் சார்!" என்று சங்கரபாண்டி மனுவைப் பிடுங்கிச் சட்டைக்குள் திணித்தான்.

பொன்னுக்கிளி பேனாவை மூடி வைத்தாள்.

"போன் எதுக்குங்கய்யா? இவுக அக்கா, எங்க மதினி, வாசல்லதான் நிக்காக."