பன்னிரண்டு முட்டையும் ஒரு மண்டையும்

ஒரு ஊரில் ஒரு மண்டை இருந்தது. அதற்குக் கீழே பூல்பாண்டி என்று ஓர் ஆளும் இருந்தான். ஆளிடம் ஒரு பைக் இருந்தது, மண்டையிடம் திமிர் இருந்தது.

பைக்கோடு சேர்ந்து ஒரு ஹெல்மெட்டும் வந்திருந்தது. தலையில் உட்காரப் பிறந்த அதற்கு, பாவம், பெட்ரோல் டேங்க் மேல்தான் குடித்தனம். பெரிய முக்கில் போக்குவரத்துப் போலீஸ் நிற்பார். அதற்கு நூறு அடி முன்னால் ஹெல்மெட் தலைக்கு ஏறும், நூறு அடி தாண்டியதும் இறங்கிவிடும். கொக்கியை மட்டும் பூல்பாண்டி மாட்டினதே இல்லை.

"யோவ், கொஞ்ச நேரமாவது என்னை வெச்சுக்கயேன்யா" என்று ஹெல்மெட் கெஞ்சும்.

"போவே! உன்னைப் போட்டா வேர்க்குது, சாயம் அடிச்ச முடியெல்லாம் கலையுது" என்று மண்டை சொல்லும். "நான் என்ன கண்ணாடிச் சாமானா? சின்ன வயசுல மரத்துல இருந்து தலைகுப்புற விழுந்தவன். ஒண்ணும் ஆகலை, தெரியுமா?"

"ஒண்ணும் ஆகலைன்னு யாரு சொன்னா?" என்று ஹெல்மெட் முணுமுணுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகளுக்குப் பிறந்தநாள். பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த முப்பிடாதி, புருஷனைக் கடைக்கு அனுப்பினாள்.

"பன்னெண்டு முட்டை வாங்கிட்டு வாங்க. போன வாட்டி ஹேண்டில்ல தொங்கவிட்டு அஞ்சை உடைச்சீங்க. இன்னைக்கு ஒண்ணு உடைஞ்சாலும் வீட்டுப் படி ஏறாதீங்க, சொல்லிட்டேன்!"

சொன்னதைச் செய்கிற பொம்பளை அவள். கடை வாசலில் பூல்பாண்டி முட்டைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். கடைசியில் ஹெல்மெட்டைக் கவிழ்த்தான். முட்டையை உள்ளே அடுக்கி, மேலே தோள் துண்டை வைத்து அமுக்கி, வாரை இழுத்துக் கொக்கியை மாட்டினான். 'க்ளிக்' என்றது. மூன்று வருஷத்தில் அந்தச் சத்தத்தை ஹெல்மெட் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டது. அழுகையே வந்துவிட்டது அதற்கு.

பைக் கிளம்பியது. டேங்க் மேல் இருந்த முட்டைகள் துண்டு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தன.

"மண்டையண்ணே, நீங்க உள்ள வரலையா? மெத்தைபோட்ட வீடு, நல்லா இருக்கு."

மண்டை கெக்கெக்கே என்று சிரித்தது. "பயந்தாங்கொள்ளிப் பயலுகளா! உங்களை மாதிரியா நானு?"

"எங்க ஓடு மெல்லிசுண்ணே, அது எங்களுக்கே தெரியும். உங்க ஓடு எவ்வளவு கனம்?"

மண்டை அதை அளந்து பார்த்ததில்லை. "நல்ல கனம்தான்" என்றது.

பெரிய முக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் போலீஸ் நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் பூல்பாண்டியின் கை ஹெல்மெட்டுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. முட்டையைக் கொட்டினால் பொண்டாட்டி, கொட்டாவிட்டால் போலீஸ்! பக்கத்தில் ஒருவழிச் சந்து ஒன்று இருந்தது. எதிர்த்திசையில் சட்டென்று அதற்குள் வண்டியை விட்டான்.

"யோவ், தப்பான வழிய்யா!" என்று ஹெல்மெட் அலறியது.

"நமக்குத் தெரியாத சந்தா?" என்றது மண்டை.

சந்துக்கு மண்டையைத் தெரியவில்லை. தன் வழியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த தண்ணீர்க்கேன் ஆட்டோவுக்கும் தெரியவில்லை. பூல்பாண்டி பிரேக்கை மிதித்தான், வண்டி சறுக்கிச் சாய்ந்தது.

விழுகிறவனுக்குக் கை தானாகத் தலைக்குப் போகும். இவனுக்குப் போகவில்லை. "ஐயோ, முட்டை!" என்று ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மண்டை மட்டும் தனியாகப் போய்ச் சாக்கடைக் கல்லை விசாரித்தது.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது தையல். சாயம் அடித்த முடியை எல்லாம் நர்ஸம்மா மழித்துக் கூடையில் போட்டார். "இன்னும் ஒரு விரல் கீழே பட்டிருந்தா நாங்க பார்க்க ஒண்ணும் இருந்திருக்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பிடாதி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வெங்காயக் கை அப்படியே இருந்தது. பூல்பாண்டி கண்ணைத் திறந்து, பக்கத்தில் கிடந்த ஹெல்மெட்டைப் பெருமையாக அவள் பக்கம் தள்ளினான்.

"ஒண்ணுகூட உடையலை. வேணும்னா எண்ணிப் பாரு."

கொக்கியைக் கழற்றித் துண்டை எடுத்தாள். பன்னிரண்டும் முழுசாக இருந்தன. அவள் முகத்தைப் பார்க்க அவற்றுக்கே கூச்சமாக இருந்தது. முப்பிடாதி அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் அடித்த இடத்தையே பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"உடையாம வரச் சொன்னது முட்டையை மட்டுமாய்யா? முட்டைக்கா நான் கழுத்தை நீட்டுனேன்?"

கட்டுக்குள் கிடந்த மண்டை ஹெல்மெட்டைப் பார்த்து மெல்லக் கேட்டது.

"உள்ள இடம் இருக்கா?"

"இருவே" என்றது ஹெல்மெட். "அறிவுள்ளவங்க முதல்ல இறங்கட்டும்."