மூன்றாம் வளைவில் மஞ்சள் குல்லா

"எல்லார் காரும் என் படத்துல ஓடுதுங்க. எம்பட பையன் காரு மட்டும் ஓட மாட்டேங்குது."

மருதாசலம் இப்படிச் சொல்லிவிட்டு லேப்டாப்பை ஜெசிந்தாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

கார் பந்தயங்களைப் படம் எடுப்பதில் ஜெசிந்தாவுக்குக் கோயம்புத்தூரில் பெயர் உண்டு. யாருக்கும் சொல்லிக் கொடுக்க மாட்டாள் என்றும் பெயர் உண்டு. மருதாசலம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடாமல் வந்து உட்கார்ந்து, அவளுக்குச் சீடராகிவிட்டார்.

பம்புசெட் கம்பெனி முதலாளி. அவளைவிட மூத்தவர். சின்னவளிடம் பாடம் கேட்க அவருக்குக் கூச்சம் இல்லை. கூச்சப்பட வேண்டிய இடத்தில்கூட அவர் கூச்சப்பட்டதில்லை என்பாள் அவர் மனைவி.

ஜெசிந்தா படங்களைப் பார்த்தாள்.

ஒரு சிவப்புக் கார் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கியது. ஒரு வெள்ளைக் கார் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைந்தது.

மருதாசலத்தின் மகன் தரணியின் நீலக் கார் மட்டும் உழவர் சந்தைக்குக் காய் வாங்கப் போவதுபோல அடக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"லென்ஸ மாத்தணுங்களா அம்மிணி?"

"வேண்டாங்கண்ணா."

"ஷட்டர் ஸ்பீடு?"

"சரியாத்தான் வச்சிருக்கீங்க."

"அப்ப என்னதான் தப்பு?"

ஜெசிந்தா பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றினாள். முழுவதும் குடித்து முடித்தாள்.

"எங்க நின்னு எடுக்கறீங்க?"

"மூணாவது வளைவுல. அங்கதானுங்க காரு சறுக்கும். எல்லாரும் அங்கதான் நிப்பாங்க."

"எல்லாரும் மேட்டு மேல நிக்கறோம். நீங்க?"

"நான் கீழ. வளைவுக்கு வெளிப்பக்கம் டயர அடுக்கி வச்சிருக்காங்கல்ல, அத ஒட்டி. காரு நேரா நம்மள நோக்கி வர்ற மாதிரி கிடைக்கும்."

அந்த இடத்தைக் கண்டுபிடித்ததில் அவருக்குப் பெருமை.

"வளைவுல கட்டுப்பாடு தப்புச்சுன்னா காரு எங்க போகும்?"

"எங்க போகும்? நம்ம மேலதான்."

மருதாசலம் சிரித்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"தப்பு கேமராவுல இல்லீங்க அம்மிணி," என்றார் அவர். "பையன்கிட்ட இருக்குது. அந்த வளைவுல பயந்து பிரேக்கப் போட்டர்றான். வருஷா வருஷம் ஒரு மூச்சு விடற நேரத்துல தோத்துட்டு வர்றான். கெட்டிக்காரன்தாண்டா நீ, நெஞ்சுல தைரியம் பத்தாதுன்னு நானும் சோறு திங்கறப்பெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன்."

"அவன் என்ன சொல்றான்?"

"ஒன்னும் சொல்ல மாட்டான். எந்திரிச்சுத் தட்டக் கழுவப் போயிருவான்."

அதன் பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னார். தரணி காரை விற்கப் போகிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் ரேலிதான் கடைசி. பல்லடத்திலிருந்து ஒருவர் வருகிறார். ரேலி முடிந்ததும் மைதானத்திலேயே சாவியை வாங்கிக்கொள்வார். தனக்கு இனிமேல் இது சரிப்படாது என்று சொல்லிவிட்டானாம்.

"ஒரே ஒரு படம் போதுங்க. அவன் காரு நெசமாவே ஓடற மாதிரி. வீட்டுல மாட்டி வைக்கோணும்."

ஜெசிந்தா அந்த நீலக் காரை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம வாங்கண்ணா. பனியா இருக்கும். உங்க மஞ்சக் குல்லாயப் போட்டுக்கிட்டே வாங்க."

"என் குல்லா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேட்டு மேல இருந்து பாத்தா, மூணாவது வளைவுல மொதல்ல தெரியறது அதுதானுங்களே."

*

மார்கழிப் பனி பந்தயத் தடத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தது. தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்கும் இடம் எதுவென்றே தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கையை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்கள்.

கார்களை ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். யார் முந்துகிறார்கள் என்பது கடிகாரத்துக்குத்தான் தெரியும். காலையில் ஒரு சுற்று, வெயில் வந்த பிறகு ஒரு சுற்று. இரண்டையும் கூட்டி, நேரம் குறைந்தவனுக்குக் கோப்பை.

மருதாசலம் தன் இடத்துக்குப் போய் நின்றார். பூசணிப்பூ நிறத்தில் குல்லா. மனைவி பின்னிக் கொடுத்தது. மூச்சுக்காற்று பட்டுக் கேமராவின் கண்ணாடி மங்கியது. துடைத்தார். மறுபடி மங்கியது.

ஜெசிந்தா வந்து அவர் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டாள்.

"கண்ண மூடிக்குங்க."

"படம் எடுக்க வந்தனுங்க அம்மிணி."

"குல்லாயக் காதுக்கு மேல ஏத்திவிட்டுக்குங்க. இந்தச் சுத்துல கேக்கறது மட்டுந்தான்."

மருதாசலம் முணுமுணுத்தார். ஆனாலும் கண்ணை மூடினார். காது விஷயத்தில் அவருக்கும் கர்வம் உண்டு. கம்பெனியில் மோட்டார்களை ஓடவிட்டுச் சோதிக்கும்போது, வேறு யாருடனோ பேசிக்கொண்டே போகிறவர் சட்டென்று நின்று, இதில் பேரிங் போய்விட்டது என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும்.

முதல் கார் வந்தது. சத்தம் வளைவுக்குள் ஒரே கம்பியாக நுழைந்து, ஒரே கம்பியாக வெளியே போனது.

அடுத்ததும் அப்படியே. எல்லாம் ஒரே வகைக் கார், ஒரே இன்ஜின். எது யாருடையது என்று காதுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒன்று வந்தது. வளைவின் வாயில் சத்தம் தொப்பென்று இறங்கியது. ஊர்ந்தது. வளைவைத் தாண்டிய பிறகு மறுபடி ஏறியது.

"ஆரு இது? ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டானே."

கண்ணைத் திறந்தார். நீலக் கார் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. பின் விளக்கின் சிவப்பு மங்கி மறைந்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னேனில்ல. பயந்தாங்கொள்ளி."

"இன்னொரு சுத்து இருக்குதுங்கண்ணா," என்றாள் ஜெசிந்தா.

*

இடைவேளையில் தரணி ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தான்.

"கையெல்லாம் ஜில்லுன்னு இருக்குதுப்பா. மேட்டு மேல ஏறி நில்லுங்க. அங்க வெயில் நல்லா விழுது."

"மேட்டு மேல நின்னா என்ன தெரியும்? என் குளிரு எனக்குத் தெரியும். நீ வளைவப் பாரு."

தரணி தலையாட்டினான்.

"கடைசிச் சுத்துடா. இதுலயாச்சும் காலை எடுக்காத."

"சரிங்கப்பா."

போகும்போது ஜெசிந்தாவை ஒரு முறை பார்த்தான். அவள் லென்ஸ் மூடியைத் தேடுவதுபோலப் பைக்குள் கையை விட்டாள்.

*

இரண்டாவது சுற்றுக்குக் கொடி அசைந்தது.

ஜெசிந்தா கையை நீட்டினாள்.

"குல்லாயக் குடுங்க."

மருதாசலம் கழற்றிக் கொடுத்தார். வழுக்கைத் தலையில் குளிர் ஏறியது. அவள் அதைச் சுருட்டித் தன் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு மேட்டின் மறுபக்கத்துக்கு நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

"இங்க உக்காருங்க."

"இங்க உக்காந்தா காரே தெரியாதுங்களே."

"தெரியாதுங்க."

"அப்ப படம்?"

அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஈரப் புல் அவர் பேன்ட்டை நனைத்தது. இவளிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று ஆத்திரமாக வந்தது. கேமரா இப்போது அவர் மடியில் இருந்தது. சத்தம் எப்போது இறங்குகிறதோ அப்போது எழுந்து ஓடிவிடுவது என்று முடிவு கட்டினார். முன்பக்கம் கிடைக்காவிட்டால் போகட்டும், காரின் பின்பக்கமாவது கிடைக்கும். கடைசிச் சுற்று இதுதான். இதையும் விட்டால் மாட்டி வைக்கப் படமே இல்லை.

கார்கள் வரத் தொடங்கின. சத்தம் ஒரே கம்பியாக வந்தது, ஒரே கம்பியாகப் போனது. அவர் இறக்கத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது ஒன்று வந்தது.

கோடித் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல வந்தது. வளைவில் குறையவில்லை. இன்னும் ஏறியது. மேட்டின் மேல் நின்ற படக்காரர்கள் இரண்டடி பின்னால் துள்ளினார்கள். செம்மண் கட்டிகள் மேட்டைத் தாண்டி வந்து இரண்டு பேர் மேலும் விழுந்தன.

மருதாசலத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஆருங்க இவன்? இவன்தான் ஓட்டறவன். எம்பட பையன் இவனப் பாத்துக் கத்துக்கோணும்."

ஜெசிந்தா தோளில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

இன்னும் சில கார்கள் போயின. சத்தம் எதிலும் இறங்கவில்லை. அப்புறம் எதுவும் வரவில்லை. ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ சொன்னார்கள். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோனது. மேட்டிலிருந்து படக்காரர்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

"தரணி இன்னும் வரலீங்களே," என்றார் மருதாசலம். "வண்டி கிண்டி நின்னு போச்சா?"

"போயாச்சுங்கண்ணா."

"எப்ப?"

ஜெசிந்தா அவர் மடியில் கிடந்த செம்மண் கட்டியை எடுத்தாள். அவர் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"இத நம்ம மேல எறிஞ்சுட்டுப் போனான்ல, அப்ப."

மருதாசலம் மண்ணைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். பிறகு அவள் ஜாக்கெட் பையிலிருந்து எட்டிப் பார்த்த மஞ்சள் கம்பளியைப் பார்த்தார்.

கட்டுப்பாடு தப்பினால் கார் எங்கே போகும் என்று அன்றைக்கு அவள் கேட்டது இப்போதுதான் அவருக்குள் போய்ச் சேர்ந்தது. தாம் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒன்றைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. மண்கட்டியை விரல்களுக்குள் பொத்திக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன வருசமே மேட்டு மேல இருந்து கவனிச்சேன். அவன்கிட்டக் கேட்டேன், அப்பாகிட்ட நான் சொல்லட்டுமான்னு."

"என்ன சொன்னான்?"

"சொன்னா அப்புறம் வர மாட்டாரு அக்கா, அவரு வரட்டும்னான்."

பனி விலகியிருந்தது. தூரத்தில் கார்கள் நிற்கும் இடம் நன்றாகத் தெரிந்தது. பல்லடத்துக்காரர் நீலக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா குல்லாவை எடுத்து நீட்டினாள். மருதாசலம் வாங்கிக்கொண்டார். போட்டுக்கொள்ளவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. மண் ஒட்டிய கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா, வளைவுல உங்களக் காணோமே. கிளம்பிட்டீங்களா?"