இரண்டு கல்லூரிகள், இரண்டு சொத்தைப் பற்கள்

திங்கட்கிழமை காலையில் செண்பகவல்லிக்கு ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது இன்னொரு கல்லூரியிலும் கிடைத்தது.

அகில இந்தியப் பட்டியலில் வந்தது சென்னைக் கல்லூரி. மாநிலப் பட்டியலில் வந்தது மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி. அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றில் போய்ச் சேர வேண்டும். சேராத இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கோவில்பட்டியில் டாக்டர் ரெஜினாவின் பல் மருத்துவமனையில் ஏழு வருடமாக உதவியாளர். டாக்டர் அவளைவிட இரண்டு வயது இளையவர். முதல் நாளிலிருந்தே அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அந்த வயது வித்தியாசம் பாடம் நடத்தும்போது மட்டும் காணாமல் போய்விடும். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் பத்து நிமிடத்தில், நுழைவுத் தேர்வுக்கான உயிரியலையும் வேதியியலையும் டாக்டர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு முறை தேர்வில் கோட்டைவிட்டாள். மூன்றாவது முறை இப்படி இரட்டையாக வந்து நிற்கிறது.

அவள் டப்பாவை அப்படியே மூடி வைத்தாள். கணவன் வேலாயுதத்துக்கு போன் போட்டாள். அவன் ஆட்டோ ஓட்டுபவன். விஷயத்தைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான்.

"எந்த ஊரா இருந்தா என்ன. எல்லா ஊர்லயும் ரோடு இருக்கு, ஆட்டோ ஓடும். பாப்பாவுக்கும் பள்ளிக்கூடம் இருக்கும். எதுன்னு நீயே சொல்லு."

அது அவளுக்கே தெரியவில்லை. நேராக டாக்டரிடம் போய் நின்றாள்.

"ரெண்டுல எது நல்லது டாக்டர்?"

ரெஜினா கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டு நோயாளி நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கக்கா. வாயைத் திறங்க."

"நான் காலேஜைப் பத்திக் கேட்டேன்."

"திறங்க."

திறந்தாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"கீழ இடது பக்கம் ஒரு சொத்தை. வலது பக்கம் ஒண்ணு. ஒரு வருஷமா அடைச்சுக்கலாம்னு நானும் சொல்றேன், நீங்களும் பொறவு பொறவுங்கிறீங்க."

"நேரமே கிடைக்கல."

"இப்போ நாலு நாள் லீவு தர்றேன். சென்னைக்குப் போய் அந்தக் காலேஜ் ஆஸ்பத்திரியில ஒரு பல்லை அடைச்சுக்குங்க. மலைக்குப் போய் இன்னொண்ணை அடைச்சுக்குங்க. இடம் கிடைச்சிருக்குன்னு எங்கயும் சொல்ல வேண்டாம். வரிசையில நின்னு சீட்டு வாங்கிட்டுப் போங்க."

"அதுக்கப்புறம்?"

"வந்து சொல்லுங்க."

புதன்கிழமை அவள் சென்னையில் இருந்தாள். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபோதே கழுத்து வலித்தது. உள்ளே குளுகுளுவென்றிருந்தது. சீட்டு வாங்க வரிசையே இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு மாணவன் வந்து அவள் வாயைப் பார்த்துவிட்டு, புரொஃபசர் இன்று மாணவர்களுக்கு ஒரு பல்லை அடைத்துக் காட்டப் போகிறார், உங்கள் பல் அதற்குப் பொருத்தமாக இருக்கிறது, சம்மதமா என்று கேட்டான்.

அவளுக்குக் கசக்குமா? போய்ச் சாய்ந்தாள். தலைக்கு மேல் மைக்ராஸ்கோப். எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதில் அவளுடைய இடது கடைவாய்ப் பல் ஒரு கிணறு அளவுக்குத் தெரிந்தது. நாற்பது மாணவர்கள் வாய் பேசாமல் பார்த்தார்கள். ஊசி போட்டதே தெரியவில்லை. நடுவில் புரொஃபசர், "அடுத்து என்ன செய்யணும்?" என்று மாணவர்களைக் கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்து வைத்திருந்த செண்பகம்தான் நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. புரொஃபசரும் சிரித்தார். சிகிச்சை முடிந்ததும் விடையைச் சொன்னாள். சரியாக இருந்தது.

வெளியே வரும்போது அந்த மாணவனிடம் கேட்டாள். "நீங்க எல்லாம் எப்போ செய்வீங்க தம்பி?"

"பொம்மைத் தலையில தினமும் செய்வோம். நூறு பொம்மை இருக்கு, எல்லாத்துக்கும் நிஜப் பல்லு மாதிரியே பல்லு. ஆளுங்களுக்குச் செய்யறது கம்மிதான். இந்த ஏரியாவுல நோயாளிங்க அவ்வளவா வர மாட்டாங்க."

நூறு பொம்மைத் தலைகளையும் கண்ணாடிச் சுவர் வழியாக ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அவள் ரயிலுக்குக் கிளம்பினாள். எல்லாப் பொம்மைகளும் வாயைத் திறந்து அவளுக்காகவே காத்திருப்பது போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மலையடிவாரம். வரிசை வாசல் கேட்டுக்கு வெளியே நின்றது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், கன்னம் வீங்கியவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள். இரண்டு மணி நேரம் நின்றாள். அவளுக்குக் கிடைத்த நாற்காலியில் ரெக்சின் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

வந்தவள் கடைசி வருடத்து மாணவி. ஹஃப்ஸா என்று சட்டையில் பெயர். இன்றைக்கு நீங்கள் நாலாவது ஆள் என்றாள். அவள் நெற்றி வியர்த்திருந்தது. கருவி பல்லில் படுவதற்கு முன்பே அவள் விரல் நடுங்குவது செண்பகத்தின் உதட்டுக்குத் தெரிந்தது.

பக்கத்தில் ஒல்லியான ஒரு பேராசிரியை வந்து நின்றார். கருவியைத் தொடவில்லை. மாணவியின் முழங்கையை மட்டும் இரண்டு விரலால் கொஞ்சம் கீழே இறக்கினார். நடுக்கம் குறைந்தது.

அடைத்து முடிந்தது. பேராசிரியை குனிந்து பார்த்தார்.

"ஓரத்துல இடைவெளி விட்டிருக்கே. எடுத்துட்டு மறுபடி அடை."

மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்தாள். மறுபடி அடைத்தாள். மரத்துப்போன பல் பாதியிலேயே விழித்துக்கொண்டது. "வலிக்குதாக்கா, வலிக்குதாக்கா" என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க, இல்லை என்று செண்பகம் பொய்யாகத் தலையாட்டினாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. "மன்னிச்சிருங்கக்கா" என்றாள் ஹஃப்ஸா. அதற்குள் ஐந்தாவது ஆள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை டாக்டர் கதவைத் திறப்பதற்கு முன்பே செண்பகம் வாசலில் நின்றாள். உள்ளே போனதும் போகாததுமாகச் சொல்லத் தொடங்கினாள். திரை, மைக்ராஸ்கோப், நாற்காலியில் இருந்தபடி கை தூக்கியது, நூறு பொம்மைத் தலை. மூச்சு வாங்க நிறுத்தவில்லை. பிறகு மலையடிவாரத்தைச் சொன்னாள். வரிசை, கிழிந்த நாற்காலி, நடுங்கிய கை, இரண்டு தடவை அடைத்தது. எதையும் விடவில்லை.

டாக்டர் கடைசிவரை கேட்டார். பிறகு அவளை உட்காரவைத்து கடி எங்கே படுகிறது என்று காட்டும் நீலத் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்தார்.

"கடிங்க."

கடித்தாள்.

"இடது பக்கம் அருமையா இருக்கு. சொத்தை இருந்த இடமே தெரியல. வலது பக்கம் கெட்டியாத்தான் அடைச்சிருக்காங்க. ஆனா கொஞ்சம் உயரம். கடிக்கும்போது முட்டுதா?"

"ஆமா. ராத்திரி சாப்பிடும்போதே முட்டுச்சு."

டாக்டர் உயரத்தைத் தேய்த்துச் சரிசெய்தார். அரை நிமிட வேலை. செண்பகம் வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அப்போ சென்னைதானே டாக்டர்? பல்லே சொல்லிருச்சே."

"இடது பக்கம் அடைச்சவருக்கு என்ன வயசிருக்கும்?"

"அறுபதை ஒட்டி இருக்கும். என்ன ஒரு கை டாக்டர் அது. செஞ்சா அப்படிச் செய்யணும்."

"அவர் மாதிரி வரணுமா உங்களுக்கு?"

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"அவர் தன்னோட இருபத்திரண்டு வயசுல முதன்முதலா ஒருத்தருக்குப் பல்லை அடைச்சிருப்பார்ல. அந்தப் பல்லு உங்க இடது பல்லு மாதிரி இருந்திருக்குமா, வலது பல்லு மாதிரியா?"

செண்பகத்தின் நாக்கு தானாக வலது பக்கம் போனது. அந்தப் பல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

வெளியே முதல் நோயாளி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து வேலாயுதத்தை அழைத்தாள்.

"மேற்கே போறோம். ஞாயித்துக்கிழமையே கிளம்பணும். மலை ஏத்தத்துல ஆட்டோ இழுக்குமான்னு பாத்து வையி."

வைத்துவிட்டாள். ஐந்து வருடம் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கப்போகும் வரிசை முழுவதும் இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது. தன் கைகளை விரித்துப் பார்த்தாள்.

"முதல் ஆளு வந்து உட்காரும்போது என் கை நடுங்குமே டாக்டர்."

ரெஜினா அடுத்த நோயாளிக்காக நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா நடுங்கட்டும்க்கா. அங்கதான் பக்கத்துல ஆள் நிக்கிறாங்களே."